ரத்தக்கண்ணீர்: இரண்டு கட்சியும் மறந்துபோன ஆள்

எம்.ஆர். ராதாவின் ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், எங்கள் ஆரணியில் எழுபதைத் தாண்டியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

முதல் கட்சி சொல்வது இது: “இன்னா சார் அந்த நடிப்பு! அந்தக் குரல் இனிமே எவனுக்கு வரும்? ஊர்ல இருக்கிற பொய்யெல்லாம் ஒரே ராத்திரியில கிழிச்சிப் போட்டுட்டாரு.” இரண்டாவது கட்சி சொல்வது: “பொம்பளைங்கள இட்டுகினு போவ முடியுமா அந்த நாடகத்துக்கு? வாய்க்கு வந்ததெல்லாம் பேசுவாரு. எங்கப்பா பாதியிலயே எங்களை எழுப்பி வீட்டுக்கு இட்டாந்துட்டாரு.”

இந்த வழக்கு ஐம்பது வருஷமாக நடக்கிறது. தீர்ப்பு வந்தபாடில்லை. இரண்டு தரப்பு வாதத்தையும் நான் பல முறை கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் என் புகார். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ராதா ரசிகர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். மனம் புண்படுகிறவர்கள் என் நாடகத்துக்கு வர வேண்டாம் என்று விளம்பரமே செய்தவருடைய ரசிகர்கள் அவர்கள். தாங்கிக்கொள்வார்கள்.

முதலில் விவரங்களைச் சரிபார்த்துக்கொள்வோம், ஏனென்றால் பாதிச் சண்டை விவரம் குழம்பியதால் வருவது. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகம் இது. 1940-களின் கடைசியில் மேடையேறியது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1954 தீபாவளிக்குப் படமாக வந்தது. காந்தாவாக எம்.என். ராஜம், மனைவி சந்திராவாக ஸ்ரீரஞ்சனி, நண்பன் பாலுவாக எஸ்.எஸ். ராஜேந்திரன். படம் வந்த பிறகும் ராதா நாடகத்தை நிறுத்தவில்லை. 1967-ல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறைக்குப் போய், 1971-ல் வெளியே வந்த பிறகும் மேடையேறினார். நான் பார்த்தது அந்தக் காலத்தில்தான், வடாற்காட்டில் ஒரு பொருட்காட்சிக் கொட்டகையில், மண் தரையில் உட்கார்ந்து. தெலுங்கில் நாகபூஷணம் இதே நாடகத்தை ஊர் ஊராகப் போட்டு, ‘ரக்தகண்ணீரு நாகபூஷணம்’ என்றே பெயர் வாங்கிவிட்டார்.

ராதா மேடையில் எழுதி வைத்த வசனத்தோடு நிற்கிறவர் இல்லை. அன்றைய பேப்பரில் வந்த செய்தி, அந்த ஊர்ப் பெரிய மனிதர், முன்வரிசையில் கொட்டாவி விடுகிறவர் என்று எது கண்ணில் பட்டாலும் வசனத்தில் வந்துவிடும். ஆகவே வேலூரில் பார்த்தவர் பார்த்த நாடகம் வேறு, காஞ்சிபுரத்தில் பார்த்தவர் பார்த்த நாடகம் வேறு. இன்னும் பலர் நாடகமே பார்க்காமல் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்துவிட்டு, நாடகம் பார்த்ததாகவே இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆபாசம் என்கிறவரும் சீர்திருத்தம் என்கிறவரும் இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு இரவைப் பற்றி.

எல்லா இரவிலும் மாறாமல் இருந்தது ஒன்று. கதை.

வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் பணக்கார மோகனசுந்தரம். பெற்ற தாயை மதிக்க மாட்டான். கட்டின மனைவியை வைத்துக்கொண்டு காந்தா வீட்டிலேயே கிடப்பான். தாய் செத்ததற்கும் போக மாட்டான். பிறகு குஷ்டம் வரும். சொத்து போகும். காந்தா வெளியே துரத்துவாள். கண் தெரியாமல், கை மடங்கி, பிச்சை எடுப்பான். கடைசியில் தன் மனைவியை நண்பன் பாலுவுக்கே மணமுடித்து வைத்துவிட்டு, தன்னை இதே கோலத்தில் சிலையாக நடுத்தெருவில் வையுங்கள், பார்க்கிறவன் புத்தி பெறட்டும் என்று கேட்டுக்கொண்டு போய்ச்சேருவான்.

இப்போது என் கேள்வி. மோகனுக்கு அந்த நோயைக் கொடுத்தது யார்?

இது பகுத்தறிவு நாடகம். சாமியில்லை, விதியில்லை, முன்வினையில்லை என்று மேடையேறிச் சொன்ன கூட்டத்தின் நாடகம். அப்படியானால் தாயை உதைத்தவனுக்கும் தாசி வீட்டுக்குப் போனவனுக்கும் கணக்குப் பார்த்து, தேதி பார்த்து, தொழுநோயை அனுப்பிவைத்தது எந்த ஆபீஸ்? சித்திரகுப்தன் வேலையை யார் பார்த்தார்கள்?

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை. திருவண்ணாமலை அருணகிரிநாதரைப் பற்றி ஊரில் வழங்கும் கதையை நினைத்துப் பாருங்கள். இளமையில் தாசிகள் வீடே கதி, சொத்து அழிந்தது, உடம்பில் பெருநோய் வந்தது, மனம் வெறுத்துக் கோபுரத்தின் மேலேறிக் குதித்தார், முருகன் தாங்கிப் பிடித்தான். 1964-ல் டி.எம். சௌந்தரராஜன் நடித்துப் படமாகவும் பார்த்தோம். ரத்தக்கண்ணீர் கதையும் அதே வண்டித் தடத்தில்தான் ஓடுகிறது. ஒரே ஒரு வித்தியாசம், கடைசியில் முருகன் வருவதில்லை. பகுத்தறிவுக்காரர்கள் சாமியை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிட்டு, பாவத்துக்கு நோய் என்கிற கணக்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள். பழைய கதையிலாவது நோயாளிக்கு மன்னிப்பு உண்டு, குணம் உண்டு. புதிய கதையில் அதுவும் போயிற்று. மிச்சம் இருந்தது தண்டனை மட்டும்.

“அது ஒரு உருவகம் சார். ஆணவக்காரனுக்கு அடி விழணும், அதுக்கு ஒரு நோய் வேணும், அவ்ளோதான். இதப் போய்ப் பெரிசு பண்ணிகினு” என்று முதல் கட்சி நண்பர் ஒருவர் சொன்னார். உருவகம் என்பது கொட்டகைக்குள்ளே. வெளியே தெருவில் என்ன நடந்தது என்பதை நான் பார்த்தவன்.

1970-களின் நடுவில் ஆரணியில் நான் குடியிருந்த தெருவில் நெசவாளர் ஒருவர் இருந்தார். தெருவே அவரைப் பெரியப்பா என்று கூப்பிடும். குடி கிடையாது, பீடி கிடையாது. விடிவதற்குள் தறிக்குழியில் இறங்கினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் ஏறுவார். அவர் முழங்கையில் வெளுத்த தேமல் ஒன்று. சொறிந்தால் தெரியாது, சூடு பட்டால் தெரியாது. பிறகு சுண்டுவிரலும் மோதிரவிரலும் மெல்ல மடங்கத் தொடங்கின. பட்டு நெய்கிறவனுக்குக் கண்ணைவிட விரல் நுனி முக்கியம். பாவில் ஒரு இழை அறுந்தால் விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும். அந்த விரலுக்கு இழை தெரியாமல் போயிற்று.

அந்தச் சமயத்தில் ரத்தக்கண்ணீர் படம் டூரிங் டாக்கீஸுக்கு மறுபடி வந்தது. மறுநாள் காலையிலிருந்து தெருப் பிள்ளைகள் கையை மடக்கிக்கொண்டு, மூக்கால் குரலை இழுத்து, காந்தாவைக் கூப்பிடுவது போல அவர் வாசலில் நின்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை விடுங்கள், பிள்ளைகள்தானே. பெரியவர்கள் என்ன செய்தார்கள்? “சின்ன வயசுல எங்க போயி எத வாங்கினு வந்தாரோ” என்று திண்ணையில் பேசினார்கள். நாற்பது வருஷம் எதிர்வீட்டில் இருந்து அவர் குணத்தைப் பார்த்தவர்கள்தான் அப்படிப் பேசினார்கள். கண்ணால் பார்த்ததைவிடப் படத்தில் பார்த்தது பலமாக இருந்தது.

அவருக்குப் பாவு கொடுத்துக்கொண்டிருந்த முதலாளி, காரணம் சொல்லாமல் பாவு கொடுப்பதை நிறுத்தினார். கல்யாணப் புடவையாயிற்றே, விஷயம் தெரிந்தால் யார் வாங்குவார்கள் என்பது கணக்கு. பெரியவர் வைத்தியம் செய்துகொண்டார், குணமும் ஆனார், நோய் இல்லை என்று காகிதமும் வாங்கி வந்தார். பாவு மட்டும் திரும்பி வரவில்லை. கடைசிவரை அவர் மனைவி வேறு வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றிப் பிழைப்பு நடந்தது.

உருவகம் என்று சொல்லும் நண்பருக்கு இதுதான் என் பதில். உருவகத்துக்கான விலையை மோகனசுந்தரம் போன்ற பணக்காரன் எவனும் கட்டவில்லை. ஒரு நெசவாளர் கட்டினார்.

“அந்தக் காலத்துல மருந்து ஏது, விவரம் ஏது” என்பது அடுத்த சமாதானம். இதுவும் நிற்காது. தொழுநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தது 1873-ல். ராதா பிறந்தது 1907-ல். நோயைக் குணமாக்கும் டாப்சோன் மருந்தை டாக்டர் காக்ரேன் நம் பக்கத்துச் செங்கல்பட்டில் 1940-களிலேயே கொடுக்கத் தொடங்கிவிட்டார். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் அதே 1940-களின் கடைசியில், மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை ஆரம்பித்தார். தசைநாணை இடம் மாற்றிக் கட்டுகிற வேலை அது. காட்பாடிக்கு அருகில் கரிகிரி மருத்துவமனை 1955-ல் தொடங்கியது. அதே ஆண்டு மதுராந்தகம் பக்கத்துப் பொலம்பாக்கத்தில் பெல்ஜியம் நாட்டு டாக்டர் ஹெமெரிக்ஸ், ஆஸ்பத்திரிக்கு வரப் பயந்த ஜனங்களுக்காகச் சாலையோர மரத்தடியிலேயே மருந்து கொடுக்க ஆரம்பித்தார். நாடக வண்டி போன அதே ரோட்டில்தான் மருந்து வண்டியும் போனது. ஜனங்கள் எதற்குக் கூடினார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

பால் பிராண்ட் சொன்ன இன்னொன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விரலை நோய் தின்பதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போகிறது. வலி தெரியாததால் அடுப்பில் சுட்டதும் முள் குத்தியதும் தெரிவதில்லை. புண்ணாகி, சீழ் பிடித்து, விரல் குறைகிறது. ஆக, தொழுநோயாளியின் துன்பம் வலி இல்லாமல் போவது. மேடையில் நாம் பார்த்ததோ, அரிப்பிலும் வலியிலும் துடிக்கிற ஒரு பாவியை. மருத்துவத்துக்கும் மேடைக்கும் சம்பந்தமே இல்லை. போதாக்குறைக்கு, தாசி வீட்டில் வாங்கி வருகிற வியாதி இது என்கிற எண்ணம் வேறு. தொழுநோய் அப்படிப் பரவுவதில்லை. நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு இயற்கையிலேயே அதை எதிர்க்கும் சக்தி உண்டு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் படிப்பினால் சர்க்கார் வேலையில் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு புத்தகம் ஞாபகம் வருகிறது. சவியே த மேஸ்த்ர் என்பவர் 1811-ல் எழுதிய ‘ஆவோஸ்தா நகரத்துத் தொழுநோயாளி’. மிகச் சிறிய புத்தகம். ஊருக்கு வெளியே ஒரு கோபுரத்தில் தனியே வாழும் தொழுநோயாளி ஒருவரும், தற்செயலாக அங்கே நுழைந்த ராணுவ அதிகாரி ஒருவரும் பேசிக்கொள்வதுதான் கதை. அவர் என்ன பாவம் செய்தார் என்று ஆசிரியர் எங்கும் கேட்கவில்லை. தோட்டத்தில் பூ வளர்க்கிறார். அதே நோய் கண்ட தங்கையோடு வாழ்ந்து அவளைப் பறிகொடுத்ததைச் சொல்கிறார். துணைக்கு இருந்த நாயையும் ஊரார் கொன்றுவிட்டதைச் சொல்கிறார். ஹான்சன் கிருமியைக் கண்டுபிடிக்க இன்னும் அறுபது வருஷம் இருக்கும்போது, மருந்து என்ற பேச்சே இல்லாத காலத்தில், ஒருவரால் இப்படி எழுத முடிந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் காலம் அப்படி என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை.

வெள்ளைக்காரன் எல்லாம் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. பிரெஞ்சில் ‘லாத்ர்’ என்று ஒரு சொல். பழைய அர்த்தம் தொழுநோயாளி. பிறகு அதுவே கஞ்சனைத் திட்டும் சொல்லாயிற்று. நோயாளியின் பெயரை வசவாக்குவது எல்லா ஊரிலும் உள்ள புத்திதான். ஆனால் அதே பிரெஞ்சுக்காரர்களில் ரவூல் ஃபொல்லரோ என்பவர் உலகத் தொழுநோய் தினம் என்று ஒரு நாளை ஏற்படுத்தினார். ஜனவரி மாதக் கடைசி ஞாயிறு. நம் நாட்டில் காந்தி மறைந்த நாளான ஜனவரி 30-ல் அனுசரிக்கிறோம். அவர் அதைத் தொடங்கிய வருஷம் எது தெரியுமா? 1954. ஜனவரியில் அங்கே அந்த நாள் பிறந்தது. தீபாவளிக்கு இங்கே மோகனசுந்தரம் திரையில் வந்தான்.

அந்த 1954-க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. சென்னை சர்க்கார் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்த வருஷம் அது. ராதாவை மனதில் வைத்தே வந்த சட்டம் என்று பேச்சு. ராமாயணத்தை அவர் மேடையில் கிண்டல் செய்தது பலருக்குப் பொறுக்கவில்லை. ராமனுக்குப் பரிந்து பேசச் சட்டசபை இருந்தது, போலீஸ் இருந்தது, ஊர்வலம் போகப் பக்தர்கள் இருந்தார்கள். ரத்தக்கண்ணீரில் கேலிப்பொருளான நோயாளிக்குப் பரிந்து பேச ஒரு பிராணி இல்லை. ஆபாசம் என்று எழுந்து போன இரண்டாவது கட்சிக்காரர்களும் இதற்காக எழுந்து போகவில்லையே. காந்தாவின் சேலையும் ராதாவின் வாயும் அவர்களுக்கு உறுத்தின. நோயாளியைக் காட்டிய விதம் யாருக்கும் உறுத்தவில்லை.

சட்டம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1898-ல் வெள்ளைக்காரன் போட்ட தொழுநோயாளர் சட்டம், பிச்சை எடுக்கும் நோயாளியைப் பிடித்து அடைத்துவைக்க அதிகாரம் தந்தது. அதை முழுதாக நீக்கியது 2016-ல். 1955-ன் இந்து திருமணச் சட்டம் தொழுநோயை விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்தது. அது நீங்கியது 2019-ல். வாழ்நாள் முழுக்கச் சட்டப் பிரிவுகளைக் கோப்பில் எழுதியே பென்ஷன் வாங்கியவன் நான். ஒரு வரியை நீக்க அறுபது வருஷம் ஆகிறதென்றால், தாமதம் சர்க்காரிடம் மட்டும் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை என்று அர்த்தம். 1971-ல் தமிழக அரசு பிச்சை எடுக்கும் நோயாளிகளுக்காக மறுவாழ்வு இல்லங்கள் திறந்ததையும் சொல்லத்தான் வேண்டும். நம் மாவட்டத்து மல்லவாடியிலும் ஒன்று உண்டு. அங்கே குணமானவர்கள் பலர் வீடு திரும்பவில்லை. நோய் போய்விட்டது, வீடு கூப்பிடவில்லை.

ராதாவின் நடிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த நாடகத்தின் பிற்பாதியில், எல்லாவற்றையும் இழந்த பிச்சைக்காரன் வாயிலிருந்து ஊரின் போலித்தனம் முழுக்க வெளியே வரும். அதுவரை எந்த மேடையிலும் ஒரு தொழுநோயாளிக்கு அவ்வளவு பேச வாய் கொடுத்ததில்லை என்றுகூடச் சொல்வேன். மனைவிக்கு மறுமணம் என்பதும் அன்றைக்குச் சாதாரணக் காரியம் இல்லை. இதெல்லாம் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் வருத்தம் கூடுகிறது. அவ்வளவு பெரிய குரல், அவ்வளவு பெரிய கூட்டம். இது கிருமியால் வருவது, செங்கல்பட்டுக்கும் வேலூருக்கும் போ, மருந்து இருக்கிறது என்று ஒரு வார்த்தையை அந்தக் குரல் ஊர் ஊராகச் சொல்லியிருந்தால், எத்தனை பேர் தேமலை மறைக்காமல் நேரத்தில் போயிருப்பார்கள்? சுகாதார இலாகா நூறு வருஷம் நோட்டீஸ் ஒட்டினாலும் அந்தக் காரியம் ஆகாது.

படத்தைத் தடை செய் என்று நான் கேட்கவில்லை. தடை கேட்பது சோம்பேறிகள் வேலை. நான் கேட்பது நம் வயதுக்காரர்களிடம் மட்டும். பேரப்பிள்ளைகள் இன்று செல்போனில் ராதாவின் காட்சியைப் போட்டுவிட்டு, அந்தக் குரலில் பேசிச் சிரிக்கிறார்கள். நாமும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காலத்து நடிப்பு என்று பெருமையாகத் தலையாட்டுகிறோம். தலையாட்டும் போதே இதையும் சொல்லுங்கள்: இந்த நோய் தண்டனை இல்லை, கதையில் அந்த இடம் பொய். குஷ்டரோகி என்று யாரையாவது திட்டினால் அந்த வாயை அடக்குங்கள்.

கடைசியாக, பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். தொழுநோய் ஒழிந்துவிட்டது என்று 2005-ன் கடைசியில் நம் நாடு அறிவித்ததன் அர்த்தம், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக வந்துவிட்டது என்பதுதான். இன்றைக்கும் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். உணர்ச்சி இல்லாத தேமல் உடம்பில் எங்கே இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம். ஆறு மாதம், அல்லது பன்னிரண்டு மாதம். முதலிலேயே போனால் விரல் மடங்காது, ஊருக்குத் தெரியவும் தெரியாது.

ஊருக்குத் தெரிந்தாலும் பாதகமில்லை என்ற நிலை வர வேண்டும். அதற்கு டாக்டர் போதாது. ரத்தக்கண்ணீரைப் பார்த்த தலைமுறை உயிரோடு இருக்கும்போதே வாயைத் திறக்க வேண்டும்.